ஜெனித் சி.எச். 750 விமானத்தின் சுக்கான் கிட்: குன்னூர்ப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மெக்சிகோ என்ற சிற்றூரில் இயங்கும் ஜெனித் நிறுவனம், சி.எச். 750 என்ற தனது இரண்டு இருக்கை இலகு விமானத்தின் சுக்கானை, அதாவது விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் உறுப்பை மட்டும், நாமே சேர்த்துக் கட்டும் உதிரிகளின் தனிக் கிட்டாக விற்கிறது. முழு விமானத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன், தகடு வெட்டி, துளையிட்டு, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்து ஓர் உறுப்பை முடிக்கும் பொறுமையும் கைப்பழக்கமும் தமக்கு வருமா என்று அறிந்துகொள்ள விரும்புவோருக்காக அந்த நிறுவனம் நெடுங்காலமாக இதைச் செய்துவருகிறது. மெக்சிகோவுக்கே நேரில் சென்று, இரண்டு நாள் பயிலரங்கில் அமர்ந்து, சுக்கானைக் கட்டி முடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு. நான் அதைக் குன்னூரில், வெலிங்டனுக்குப் போகும் வழியில் உள்ள என் கொட்டகையில் கட்டினேன். கட்டி முடித்த சுக்கான் என்னிடம் இருக்கிறது. அது நேராக இருக்கிறது. அதை விமானத்தில் பொருத்த எனக்குத் தயக்கம் இல்லை. மலைப்பகுதியில் வசித்துக்கொண்டு இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கிட்டை வாங்கலாம், ஆனால் நம் ஊரின் ஈரத்துக்கும் குளிருக்கும் ஏற்பப் பட்டறையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், வரைபடத்தில் ஒரு கோட்டையும் மாற்றாதீர்கள்.

இந்த விமானத்தை வடிவமைத்தவர் கிறிஸ் ஹைன்ஸ். கான்கார்ட் விமானத் திட்டத்தில் பணியாற்றி, பின்னர் பிரான்சின் ரோபின் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அந்த நிறுவனத்தின் எச்.ஆர். வரிசை விமானங்களின் பெயரில் உள்ள முதல் எழுத்து அவருடையது. கனடாவுக்குக் குடிபெயர்ந்து 1974-ல் ஜெனேர் நிறுவனத்தைத் தொடங்கினார். குறுகிய, கரடுமுரடான தரையிலிருந்து எழும்பக்கூடிய சி.எச். 701 விமானம் 1986-ல் வந்தது. அதைவிடச் சற்றுப் பெரிய, அகலமான 750, 2008-ல் வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் நிலையாகப் பொருத்திய ஸ்லாட் என்னும் குறும்பட்டை, பின்விளிம்புக்குக் கீழே தொங்கும் ஃபிளாப்பெரான் என்னும் அசையும் பட்டை, நிலையான செங்குத்து வால் இல்லாமல் முழுமையாகத் திரும்பும் சுக்கான் ஆகிய மூன்றும் மிகக் குறைந்த வேகத்திலும் விமானத்தை விமானியின் கைக்குள் வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலான விமானங்களில் வாலின் பின்பாதி மட்டுமே அசையும். இதில் முழு வாலும் அசைகிறது. எனவே இந்தச் சுக்கான் ஒரு பயிற்சிப் பொருள் என்ற அளவைத் தாண்டி, விமானத்தின் செங்குத்து வால் முழுவதுமாகவே இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பவை அதிகம் இல்லை. சுக்கானின் தோலாக அமையும், வளைத்துத் தரப்பட்ட மேல்தகடுகள், முதுகெலும்பு போன்ற நீளச்சட்டமான ஸ்பார், தகட்டுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ரிப்கள், சுக்கானைத் திருப்பும் கம்பிவடங்கள் இணையும் அடிப்பகுதிக் கொம்பு, ரிவெட்டுகள், வரைபடம் ஆகியவைதான். தகடுகள் 6061-டி6 அலுமினியக் கலவை. மேல்தகட்டின் தடிமன் 0.016 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். விமானங்களில் பரவலாகப் பயன்படும் 2024 கலவையைவிட இதன் வலிமை குறைவு, ஆனால் அரிப்பைத் தாங்கும் திறன் அதிகம். ஆண்டில் பாதி நாட்கள் மேகத்துக்குள் இருக்கும் ஊரில் இந்தத் தேர்வின் அருமை விளங்கும். வரைபட அளவுகள் மில்லிமீட்டரில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. தகட்டின் தடிமன் மட்டும் அங்குலத்தில் குறிக்கப்பட்டிருக்கும். படங்களுடன் கூடிய கட்டுமான வழிகாட்டியும் கிடைக்கிறது. அது படிப்படியாகவே செல்கிறது, ஆனால் துளைக் கருவியை இதற்கு முன் பிடித்தே இராதவருக்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்கள் முதலில் பழைய தகட்டுத் துண்டுகளில் துளையிட்டும் ரிவெட் அடித்தும் பழகிவிட்டு வர வேண்டும்.

மேசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சுக்கான் நேராக வருவதும் முறுக்கிக்கொண்டு வருவதும் மேசையில்தான் தீர்மானமாகிறது. வெளிநாட்டுக் கட்டுநர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் பலகை போட்டு வேலை செய்கிறார்கள். குன்னூரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அதைவிட அதிகமாக வடகிழக்குப் பருவமழையும் உண்டு, எம்.டி.எஃப் இங்கே ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். நான் இரும்புக் கோணச்சட்டத்தில் மேசை செய்து, மேலே கடல்நீர் தாங்கும் வகைப் பிளைவுட் போட்டு, அதன் எல்லா விளிம்புகளையும் வார்னிஷால் அடைத்தேன். மேசையின் கால்களில் உயரம் சரிசெய்யும் போல்ட்டுகள் உண்டு. நுண்ணிய நீர்மட்டம் வைத்து ஒவ்வொரு முக்கியமான வேலைக்கு முன்பும் மட்டத்தைச் சரிபார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். மலைச்சரிவில் நிரப்பிய மண்ணின் மேல் நிற்கும் கொட்டகைகளில் தரையே மழைக்குப் பின் சற்று அமிழும் என்பதால் இது வீண் சிரமம் ஆகாது.

உதவிக்கு வந்தவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வாழ்நாள் முழுவதும் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். இந்த மலையில் விமானம் கட்ட நினைப்பவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய செல்வம் இத்தகைய மனிதர்கள்தாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை, கேத்தியின் ஊசித் தொழிற்சாலை, குன்னூர் ரயில் பணிமனை, எண்ணற்ற தேயிலைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் உலோகத்தோடு பழகியவர்கள் ஊருக்குப் பலர் இருக்கிறார்கள். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே அவர் முதல் நாள் சொன்ன வார்த்தை வழிகாட்டியில் எங்கும் இல்லை: "தகடு தானா வந்து உட்காரணும் சார். நாம புடிச்சு அழுத்தி உட்கார வச்சா, அது உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே இருக்கும்." விரலால் அழுத்தி ரிப்பின் மேல் பொருத்திய தகட்டில் ரிவெட் அடித்தால், அந்த அழுத்தம் முழுவதும் ரிவெட்டிலும் துளையின் விளிம்பிலும் தங்கிவிடுகிறது. அதிர்வில் விரிசல் தொடங்குவது அத்தகைய இடங்களில்தான். ரிப்பின் மடிப்பு ஒரு பாகையோ இரண்டு பாகையோ கூடுதலாக வளைந்திருந்தால் அதைக் கையால் நேராக்கி, தகடு தன் போக்கில் படியும்வரை நாங்கள் துளையிடவில்லை.

துளையிடுதலில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலையில் கொட்டகைக்குள் ஒற்றை இலக்க வெப்பநிலை இருக்கும். பத்து மணிக்கு மேல் கிழக்குச் சன்னல் வழியாக வெயில் நேரே மேசையில் விழும். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு பாகை செல்சியஸ் உயர்வுக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். மேல்தகடு மட்டும் வெயிலில் 15 பாகை சூடேறி, அடியில் உள்ள ஸ்பார் குளிர்ந்தே இருந்தால், ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இரண்டும் விலகி நிற்கும். அந்த நிலையில் துளையிட்டு மாலையில் ரிவெட் அடித்தால், சுருங்கிய தகட்டின் துளைகள் ஸ்பாரின் துளைகளோடு நேராகச் சேராது, வலிந்து சேர்த்தால் தகடு உள்ளுக்குள் இழுபட்டே நிற்கும். சன்னலுக்கு வெள்ளைத் துணித் திரை போடுவதும், துளையிடும் வேலையையும் ரிவெட் வேலையையும் ஒரே வெப்பநிலையில் செய்வதும்தான் தீர்வு. நாங்கள் இரண்டையும் பிற்பகலுக்கு ஒதுக்கினோம்.

துளையிட்டபின் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கிளெக்கோக்களை எண்ணிக்கையில் தாராளமாக வாங்குங்கள். இந்தக் கிட்டில் இரண்டு அளவு ரிவெட்டுகள்: ஏ4 என்பது எட்டில் ஒரு அங்குலம், ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர்; ஏ5 என்பது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். முதலதற்குச் செம்பு நிறக் கிளெக்கோ, இரண்டாவதற்குக் கறுப்பு. துளைக்கு 30-ஆம் எண், 20-ஆம் எண் டிரில் பிட்டுகள் வேண்டும். இவை ரிவெட்டின் விட்டத்தைவிட மிகச் சற்றே பெரியவை. கோவையில் எளிதில் கிடைக்கும் 3.5 மில்லிமீட்டர் பிட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணக் கூடாது. துளை பெரிதானால் ரிவெட் அதை நிரப்பாது, நிரப்பாத ரிவெட் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளாது. எல்லாத் துளைகளையும் போட்டபின் தகடுகளை மீண்டும் பிரித்து, ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் பிசிறு எடுத்து, இடையில் சிக்கிய துருவல்களைத் துடைத்துவிட்டு மறுபடி பொருத்த வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் 0.4 மில்லிமீட்டர் தகட்டில் பிசிறை விட்டுவைப்பது என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு இடைவெளியை நாமே செய்து வைப்பதாகும்.

ரிவெட்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த வடிவமைப்பின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. பெரிய விமானங்களிலும் பல கிட் விமானங்களிலும் திட ரிவெட்டுகளை ஒருவர் ஒரு பக்கம் அடிக்க, மற்றொருவர் மறுபக்கம் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஹைன்ஸ் தேர்ந்தெடுத்தவை ஒரே பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும் ஏவெக்ஸ் ரிவெட்டுகள். பார்வைக்குக் கடைகளில் விற்கும் பாப் ரிவெட் போலவே இருக்கும். இவற்றின் தலை தட்டையாகத் தகட்டுக்குள் புதையும் வடிவில் வருகிறது. ஆனால் ஜெனித் முறையில், இழுக்கும் கருவியின் முனை குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். ரிவெட்டை இழுக்கும்போது அந்தக் குழி, தலையை அழகிய குவிந்த பொத்தானாக உருமாற்றி, தகட்டோடு இறுக அமர்த்திவிடுகிறது. குழிவான முனையைத் தனியாகவும் வாங்கலாம், வரைபடத்தில் உள்ள அளவுக்கு நாமே தேய்த்தும் கொள்ளலாம். கடைக் கருவியின் தட்டையான முனையில் இழுத்தால் இந்தத் தலை உருவாகாது. அதேபோல் வன்பொருள் கடையில் விற்கும் சாதாரண பாப் ரிவெட்டுகளை, விட்டம் ஒன்றுதானே என்று, இவற்றுக்குப் பதிலாகப் போடவே கூடாது. அவற்றின் வலிமைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. இரண்டு ரிவெட் குறைந்துவிட்டால், இன்னொரு பொட்டலம் வரும்வரை காத்திருப்பதே முறை.

காற்றழுத்தக் கருவி இருந்தால் கை வலிக்காது, ஒவ்வொரு ரிவெட்டும் ஒரே சீராக அமரும். நம் ஈரக் காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது தொட்டியிலும் குழாயிலும் நிறையத் தண்ணீர் சேர்கிறது. நீர் பிரிப்பான் ஒன்றைக் குழாயில் பொருத்தி, தொட்டியின் அடித்திருகைத் தினமும் திறந்துவிட வேண்டும். இல்லையேல் அந்தத் தண்ணீர் கருவியின் உள்ளே போவதோடு, பிரைமர் தெளிக்கும் நேரத்தில் தகட்டின் மேலும் தெறிக்கும்.

அரிப்புக் காப்பில்தான் இந்தக் கிட்டின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. தகடுகள் பூச்சில்லாமல் வருகின்றன. பூசுவதா வேண்டாமா என்பது கட்டுபவரின் விருப்பம். வறண்ட மேற்கு அமெரிக்காவில் கொட்டகையில் நிற்கும் விமானத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். பனிமூட்டம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, காலையில் தகட்டின் மேல் வியர்வையாக நிற்கும் ஊருக்கு அது போதாது. கட்டுவதற்கு முன்பே சேமிப்பில் கவனம் தேவை: தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால், இடையில் புகுந்த ஈரம் காய வழியின்றி வெண்கறை படியும். நான் அவற்றைச் செங்குத்தாக, இடையில் மரச்சட்டங்கள் கொடுத்து, கொட்டகையின் உட்சுவரை ஒட்டி நிறுத்தினேன். மழைக்காலத்தில் பழைய மஞ்சள் பல்பு ஒன்றை எரியவிட்டால் அந்த மூலை காய்ந்தே இருக்கும்.

பிரைமர் விஷயத்தில், இரண்டு பகுதி கலந்து பூசும் எப்பாக்சி வகையே உறுதியானது, ஆனால் குளிரிலும் ஈரத்திலும் அது நம்மோடு ஒத்துழைக்காது. பத்து பாகைக்குக் கீழே அது இறுகுவதற்கு மிகவும் தாமதமாகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் மேற்பரப்பில் மெழுகு போன்ற பிசுக்கு படர்ந்து, அதன் மேல் வரும் அடுத்த பூச்சு ஒட்டாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் தெளிந்த பிற்பகல்களுக்காகப் பூச்சு வேலையை ஒதுக்கி வைப்பது நல்லது. முழுத் தகட்டுக்கும் பூச வேண்டியதில்லை, தகடும் தகடும் முகத்தோடு முகம் சேரும் பட்டைகளுக்கு மட்டும் மெல்லியதாகப் பூசினாலே போதும். ஈரம் தங்குவது அங்கேதான். ரிவெட் இழுத்தபின் உள்ளே தங்கிவிடும் எஃகுத் தண்டின் முனை மட்டும் நாளடைவில் துருவேறிப் பழுப்பாகக் கசியும் என்பதால், ஒவ்வொரு தலையின் நடுவிலும் மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு பிரைமர் வைத்தோம். சுக்கானின் அடிப்பக்கத்தில் நீர் வடிய வழி இருக்கிறதா என்பதையும் பூச்சுக்குப் பின் பார்க்க வேண்டும். பூச்சே அந்தத் துளையை அடைத்துவிடக்கூடும்.

சுக்கானை மூடும் கடைசி ரிவெட் வரிசைக்கு முன் முறுக்கம் பார்ப்பது முக்கியம். மேல் ரிப்பின் மேலும் கீழ் ரிப்பின் மேலும் டிஜிட்டல் கோணமானியை வைத்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை கிளெக்கோக்களைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டு, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் மாறி மாறி ரிவெட் அடித்துச் செல்ல வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வரிசையாக அடித்தால், தகடு சிறிது சிறிதாக நகர்ந்து, கடைசியில் முறுக்கமாக வெளிப்படும். முடித்தபின் பின்விளிம்பை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தால் அது நூல் பிடித்தது போல் இருக்க வேண்டும். எங்களுடையது அப்படி வந்தது. அதைப் பார்த்துப் பெரியவர் அடைந்த மகிழ்ச்சிக்கு நான் சாட்சி.

இனி, மாற்றங்களைப் பற்றி. சொந்தமாக விமானம் கட்டுவோர் எல்லோருக்கும், சிறிது கை பழகியதும், வடிவமைப்பை மேம்படுத்தலாம் என்ற எண்ணம் வருகிறது. அமெரிக்காவில் சோதனை வகையில் பதிவாகும் இத்தகைய விமானங்களை மாற்றக் கட்டுபவருக்குச் சட்டம் பெரும் உரிமை தருகிறது. அந்த உரிமையை மதிக்கிறேன். ஆனால் வால் பகுதியில் அதைப் பயன்படுத்துவதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். சுக்கானின் உச்சியில் மினுக்கு விளக்கு ஒன்றைப் பொருத்தலாம் என்று தோன்றும். விளக்கும் கம்பியும் தாங்கியும் சேர்ந்து ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது விமானத்தின் எடை மையத்திலிருந்து நான்கு மீட்டர் பின்னால் இருந்தால், அதைச் சமன்செய்ய மையத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் நான்கு கிலோ வேண்டும். எடை மையம் பின்னால் நகர நகர விமானம் மூக்கை நிலையாகப் பிடிக்கும் குணத்தை இழக்கிறது. இதைவிட நுட்பமானது, சுழலும் பரப்பின் எடைச் சமநிலை. சுழல் அச்சுக்குப் பின்னால் எடை கூடினால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்றின் அழுத்தமும் பரப்பின் அசைவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் ஃபிளட்டர் எனும் அதிர்வு தொடங்கி, சில நொடிகளில் உறுப்பையே பிய்த்தெறிந்துவிடும். அழகுக்காகப் பின்விளிம்பில் பூசும் புட்டியும் அடுக்கடுக்கான வண்ணமும்கூட இந்தக் கணக்கில் சேரும். என் சுக்கானுக்கு மெல்லிய ஒரே பூச்சுதான், வெள்ளை நிறம்.

மாற்றம் எவ்வளவு கனமான சொல் என்பதற்கு இதே வடிவமைப்பாளரின் வேறொரு விமானம் சான்று. தாழ்ந்த இறக்கை கொண்ட சி.எச். 601 எக்ஸ்.எல். விமானங்கள் பறக்கும்போதே உடைந்த விபத்துகள் தொடர்ந்ததால், 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைத் தரையிறக்கி வைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில் இறக்கையை வலுப்படுத்தி, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பட்டைகளான அய்லரான்களுக்குச் சமன் எடை சேர்க்கும் மாற்றத் தொகுப்பு வெளியானது. கணக்கு, சோதனை, உலகெங்கும் உள்ள உரிமையாளர்கள் தம் இறக்கைகளைத் திறந்து திருத்தும் உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த மாற்றம் நடந்தது. மறுபுறம், 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் உயிரிழந்த லாங்-ஈசி என்ற சொந்தக் கட்டுமான விமானத்தில், அதைக் கட்டியவர் எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகை வரைபடப்படி விமானியின் கால்களுக்கு இடையே வைக்காமல், இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றத் திரும்பிக் கையை நீட்ட வேண்டிய நிலை அது. கட்டியவர் நல்ல நோக்கத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் திருகின் இடத்தை மட்டும் மாற்றினோம் என்று அவர் நினைத்தது, விமானி தன் உடலை எப்படித் திருப்ப வேண்டும் என்பதையே மாற்றிவிட்டது.

நம் மலைக்காரர்களுக்கு இன்னொரு ஆசையும் உண்டு, அதையும் கேட்டிருக்கிறேன்: நூறு அடியில் எழும்பும் விமானம் என்றால் ஊட்டியில் ஏதாவது ஒரு புல்வெளியிலிருந்தே பறக்கலாமே என்பது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை 20 பாகையாக உள்ள நாளில் அங்கே காற்றின் அடர்த்தி, தர வளிமண்டலத்தில் 9,500 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். டர்போ இல்லாத நூறு குதிரைத்திறன் ரோடாக்ஸ் 912 இன்ஜின் அங்கே தன் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். இறக்கையும் புரொப்பெல்லரும் அதே மெல்லிய காற்றில்தான் வேலை செய்ய வேண்டும். சமவெளியில் நூறு அடி என்று எழுதப்பட்டது இங்கே பல மடங்காகும், அதன் முடிவில் இருப்பதோ பள்ளத்தாக்கும் திடீரென்று ஏறிவரும் மேகமும். இதற்காகப் பெரிய இன்ஜின், நீண்ட இறக்கை என்று வடிவமைப்பை இழுத்து நீட்ட முனைவதைவிட, இங்கே கட்டி, பிரித்து, லாரியில் சமவெளிக்கு இறக்கி, முறையான ஓடுதளத்தில் பறப்பதே சரி என்பது என் திடமான கருத்து. 750-இன் இறக்கைகளைக் கழற்றிவிடலாம் என்பதால் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவது இயலும் காரியம்தான்.

இன்ஜினைப் பற்றி இங்கே ஒரு வரி போதும்: ரோடாக்ஸ் 912 இன்ஜினுக்கு எத்தனால் பத்து சதவீதம் வரையே ஏற்கப்பட்டது, நம் பெட்ரோல் நிலையங்களில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் கலந்தது. இன்ஜின் வாங்குவதற்கு முன் எரிபொருளுக்கு வழி தேட வேண்டும்.

அனுமதி என்பது இந்தியாவில் தனி உழைப்பு. மும்பையில் தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2017-ல்தான் பதிவு பெற்றார். நம் நாட்டில் மைக்ரோலைட் எனும் மிக இலகுவான விமான வகையில் இரண்டு இருக்கை விமானத்தின் உச்ச எடை 450 கிலோ. 750 விமானம் அந்த வரம்புக்கு மேல் செல்கிறது என்பதால், எந்த வகையில் பதிவு செய்யலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு எழுதிப் பதில் பெற்ற பின்னரே முழுக் கிட்டுக்குப் பணம் கட்டுங்கள். சுக்கான் கிட்டுக்கு அந்தப் பதில் தேவையில்லை. அது ஓர் அலுமினியப் பெட்டகமாக உங்கள் கொட்டகையில் காத்திருக்கும், வீணாகாது. இயக்குநரகத்தின் ஆய்வாளர் ஒரு நாள் வந்து பார்க்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும், முக்கியமாகத் தகட்டை மூடுவதற்கு முன், தேதியுடன் படம் எடுத்து, பயன்படுத்திய ரிவெட்டின் அளவையும் பிரைமரின் பெயரையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, கிட்டின் விலையைக் காட்டிலும் அதைக் கடல் கடந்து மலையேற்றும் கட்டணமும் சுங்கமும் உறுத்தும். தகடுகள் மெல்லியவை, பெட்டி நீளமானது, வழியில் மூலைகள் நசுங்க வாய்ப்பு அதிகம். பெட்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே கையெழுத்துக்கு முன் திறந்து, ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கிளெக்கோ, இடுக்கி, பிசிறு எடுக்கும் கருவி, காற்று ரிவெட்டர் என்று கருவிகளுக்கும் தனிச் செலவு உண்டு, ஆனால் அவை அனைத்தும் விமானத்தின் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் அப்படியே பயன்படும். இந்தச் செலவைக் கேட்டுத் தயங்குபவர், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கோத்தகிரியிலும் குன்னூரிலும் அப்படிச் சேரக்கூடிய ஆர்வமும் கைத்திறனும் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பறப்பதில் மட்டும் ஆசை கொண்டு, கட்டுவதை அதற்கான தடையாகக் கருதுபவர் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்; அவருக்குப் பயிற்சி நிலையமும் ஆயத்த விமானமுமே ஏற்றவை. ஒரு துளையைச் சரியாகப் போட்டுவிட்டு அடுத்த துளைக்குப் போவதில் நிறைவு காண்பவர், வாரத்தில் சில மாலைகளைக் கொட்டகைக்குக் கொடுக்கக்கூடியவர், தன் கையால் ஆனதைத் தன் உயிருக்கு நம்பும் அளவுக்குக் கவனமானவர் ஆகியோர் வாங்கலாம். பிள்ளைகளுக்கு உலோக வேலை சொல்லித்தர விரும்பும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் இது அருமையான பாடப்பொருள். வரைபடம் வாசித்தல், அளவெடுத்தல், துளை, ரிவெட், காப்புப் பூச்சு, சரிபார்ப்பு, பதிவேடு எல்லாம் ஒரே உறுப்பில் வந்துவிடுகின்றன.

அடுத்ததாகக் கிடைநிலை வாலுக்கான கிட்டை வாங்க இருக்கிறேன். அதே தகடு, அதே ரிவெட், அதே மேசை. நீளம் மட்டும் கூடுதல் என்பதால் மேசையின் ஓரத்தில் ஒரு நீட்டிப்புச் சட்டம் போடும் வேலை இப்போது நடக்கிறது. ஐப்பசி மழை நின்று, கொட்டகையின் தரை காய்ந்து, மட்டம் மறுபடி பார்த்த பிறகே அந்தப் பெட்டியைத் திறப்போம்.